கல்யாணம் வரை வைத்திருந்த போர்பன்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் வாயைக் கொஞ்சம் மூடிக் காதைத் திறந்து வையுங்கள். நடந்தது டல்லாஸில். ஆட்கள் என்னவோ காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள்தான்.

வைரவனும் சுப்பையாவும் கல்லூரி விடுதியில் ஒரே வாளியில் குளித்தவர்கள். வைரவன் டல்லாஸில் வீடு வாங்கி, கூடத்து மூலையில் சின்னதாக ஒரு பார் அமைத்தபோது, சுப்பையா அட்லாண்டாவிலிருந்து விலையுயர்ந்த போர்பன் விஸ்கி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். அன்றைக்கு ஆளுக்கு ஒரு வாய்தான். வைரவன் ஐஸ் எடுக்கப் போனான். சுப்பையா அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இதுல ஐஸ் போட்டா பாவம்டா. மூடி வை. என் மக கல்யாணம் முடிவாகட்டும், மிச்சத்தை நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து முடிப்போம்."

சரியென்று வைரவன் சத்தியமே பண்ணிவிட்டான். சத்தியம் பண்ணுகிற அன்றைக்கு யாருக்கு வரப்போவது தெரிகிறது? அடுத்த வருஷம் அவனுக்கு வேலை போயிற்று. எட்டு மாதம் வீட்டில் கிடந்தான், வெளியில் மூச்சு விடவில்லை. சுப்பையா போன் பண்ணினால் "மீட்டிங்கில் இருக்கேன்" என்று வைத்துவிடுவான். அவனோடு பேசத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும், பேச வெட்கம். பேச முடியாத நாளெல்லாம் அந்தப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தான். அதுவும் ஒருநாள் தீர்ந்துபோயிற்று. இதெல்லாம் தெரிந்தவள் அவன் மனைவி உமையாள் ஒருத்திதான்.

பிறகு எப்படியோ ஒரு வேலை கிடைத்து, மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சுப்பையாவின் போன் வந்தது. "மக கல்யாணம் முடிவாயிடுச்சு வைரவா. சனிக்கிழமை வர்றேன், ஞாயிறு வரைக்கும் உங்க வீட்டுலதான். பாட்டிலை எடுத்து வை. உமையாவை உப்புக்கறி பண்ணச் சொல்லு."

வைரவன் காலிப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தான். அதே விஸ்கியை வாங்கி வைக்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்ட கடையிலெல்லாம் கையை விரித்தார்கள்; கிடைத்திருந்தாலும் அவன் தொடக்கூடிய விலையில்லை. கைக்கு அடக்கமான விலையில் அந்த ருசிக்குக் கிட்டே வருவது எது என்று தேட ஆரம்பித்தான். ஒன்று இருமல் மருந்து மாதிரி இனித்தது. ஒன்றில் சோள வாசனை தூக்கலாகப் பச்சையடித்தது. இன்னொன்று மூக்குக்கு வெனிலாவும் வெல்லப்பாகுமாக ஆசை காட்டிவிட்டு, தொண்டையில் வெறும் வெந்நீராக இறங்கிற்று. மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவான், எழுந்திருப்பான், கிளாஸை வெளிச்சத்தில் பிடிப்பான், முகர்வான், மறுபடி உட்காருவான்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு பார்க்கலை" என்றாள் உமையாள்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. கருகின மரத்தின் வாசனை, வாயில் வெல்லம், முடிவில் சுக்குக் காரம், விழுங்கின பிறகும் நாக்கை விட்டுப் போகாமல் நின்றது. உள்ளதைச் சொன்னால், வீட்டு பாரில் எப்போதும் வைத்துக்கொள்ள அந்த விலைக்கு அருமையான சரக்கு. வைரவன் அதைப் பழைய பாட்டிலில் பழைய அளவுக்கு ஊற்றி மூடினான்.

"உள்ளதைச் சொல்லிடுங்களேன். அண்ணன் என்ன கடிச்சா முழுங்கிடுவார்?"

"சந்தோஷமா வர்றவன்கிட்ட அழுது வடியச் சொல்றியா? நீயும் வாயைத் திறக்கமாட்டேன்னு சொல்லு."

அவள் அரை மனசாக வாக்குக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சுப்பையா வந்தான். பையை ஓரமாக வைத்துவிட்டு நேரே பாருக்குத்தான் போனான். இரண்டு கிளாஸில் ஊற்றினான். முகர்ந்தான். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"அதே ருசி," என்றான் சுப்பையா. "அப்படியே இருக்கு. கொஞ்சம் ஐஸ் கொண்டா."

போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் வைரவன் ஐஸ் எடுக்க ஓடினான். திரும்பி வந்தபோது சுப்பையா போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆபீஸில் ஏதோ அவசரமாம். சாயங்கால விமானத்தையே பிடிக்கவேண்டுமாம். "சாப்பாடெல்லாம் வேண்டாம் உமையா" என்று, திறக்காத பையைக் கையில் எடுத்தான்.

அடுப்படியிலிருந்து உமையாள் கரண்டியோடு வந்து நின்றாள். "அண்ணே, இது நீங்க குடுத்த விஸ்கி இல்லை" என்று ஆரம்பித்து, வேலை போனது, எட்டு மாதம், எடுக்காத போன், தீர்ந்த பாட்டில், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வைரவனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

சுப்பையா பையைக் கீழே வைத்தான். "மாத்தினது முதல் வாய்லயே தெரிஞ்சுதும்மா. நல்ல காரியம் நடக்கிற நேரத்துல எதுக்குன்னு விட்டுட்டேன்."

"கேட்டியா?" என்று வைரவன் மனைவி மேல் பாய்ந்தான். "தெரிஞ்சும் அவன் பெரிய மனசா விட்டுட்டான். நீ வாக்கை மீறி என் மானத்தை வாங்கினதுதான் மிச்சம்."

நண்பனின் சந்தோஷம் கெடக்கூடாது என்று மறைத்தவன் ஒருவன். தெரிந்தும் தெரியாதவன் போல இருந்தவன் இன்னொருவன். கொடுத்த வாக்கை மீறிப் போட்டு உடைத்தவள் ஒருத்தி. இதில் யார் செய்தது சரி? சொல்லுங்கள்.

விடை: சுப்பையா என்றுதான் பாதிப்பேர் சொல்வீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உமையாள் செய்ததே சரி. பாட்டிலில் இருப்பது வேறு என்று சுப்பையாவின் நாக்குச் சொல்லிற்று. அது ஏன் காலியாயிற்று என்று எந்த நாக்கு சொல்லும்? யாரோ நாலு பேரோடு கூத்தடித்துத் தீர்த்துவிட்டு நம்மையும் ஏமாற்றுகிறான் என்றுதான் அவன் நினைத்தான். ஐஸ் கேட்டதும், ஆசையாய்ச் சொல்லிவிட்ட உப்புக்கறியைத் தொடாமல் கிளம்பியதும் பெரிய மனசா? மனசு விட்டுப்போனவன் செய்கிற காரியம் அது. வைரவனுக்குப் பிழைத்தோம் என்று தோன்றிய அந்த நேரத்தில்தான் சிநேகிதம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அடுப்படியில் நின்றவளுக்கு அது தெரிந்தது. அவள் மட்டும் வாக்கைக் காப்பாற்றியிருந்தால், அந்தக் கல்யாணப் பத்திரிகை, சுப்பையா நேரில் கொண்டுவராமல், வைரவன் வீட்டுக்குத் தபாலில் வந்திருக்கும்.