ஆள்காட்டிப் பறவை கத்தத் தொடங்கிய நாள்

பறவைகளும் மனிதர்களும் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஆள்காட்டி கத்தியதே இல்லை. பேசினாலும் கிசுகிசுப்பாகத்தான் பேசும். வெறுந்தரையில் முட்டையிடுகிற பறவைக்குச் சத்தம் ஆகாது.

ராவி ஆற்றின் ஒரு துறையில், கூழாங்கற்களுக்கு நடுவே, ஒரு பெண் ஆள்காட்டி நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. அதன் துணையைப் பருந்து கொண்டுபோய்விட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை இருந்த ஒரே ஆள் சந்தோக் சிங்.

ஆட்சியிலிருந்தவர்கள் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்ற நாட்கள் அவை. அவருடைய கூட்டம் மலைக்குப் போய்விட்டது. பின்னால் தப்பி வருகிறவர்கள் பசியோடு ஆற்றைக் கடப்பார்கள், அவர்களுக்கு ரொட்டி சுட்டுப்போட ஒருவர் வேண்டும் என்று அவர் மட்டும் தங்கினார். எட்டு மாதம் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. ஆனாலும் தினமும் உச்சிவேளையில் ரொட்டி சுட்டதும் காட்டுப் பக்கம் திரும்பி நின்று, "பசித்தவர் யாராவது இருந்தால் வாருங்கள்!" என்று மூன்று முறை கூப்பிடுவார். அது அவர்கள் கூட்டத்து வழக்கம். அதன் பிறகுதான் சாப்பிட உட்காருவார்.

"யாருக்காக ஐயா தொண்டையைக் கிழித்துக்கொள்கிறீர்கள்?" என்று ஒருநாள் ஆள்காட்டி கேட்டது. "போன மாதம் ஒரு நரி வந்தது. அதுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது."

"நரிக்கு ருசி தெரியவில்லை, தாயே. கூப்பிடாமல் தின்றால் எனக்குத் தொண்டைக்குள் இறங்காது."

"உங்களைத் தேடித் திரிகிற குதிரைக்காரர்கள் காதில் விழுந்தால்?"

"நான் காட்டைப் பார்க்கிறேன். நீ ஆற்றைப் பார். யாராவது வந்தால் ஒரே ஒரு சத்தம் கொடு. நாணலுக்குள் போய்விடுவேன்."

ஆள்காட்டி ஒப்புக்கொண்டது. அவர் முள் வெட்டி வந்து, நரி நெருங்காதபடி கூட்டைச் சுற்றி வேலி போட்டார்.

முட்டைகள் பொரிய இரண்டு நாள் இருந்தபோது, அக்கரையில் ஏழு குதிரைகள் தண்ணீரில் இறங்கின. ஆள்காட்டி பார்த்தது. சந்தோக் சிங் முதுகைக் காட்டி ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கத்தினால் அவர் தப்பிவிடுவார். ஆனால் குதிரைக்காரர்கள் சத்தம் வந்த இடத்துக்குத்தான் முதலில் வருவார்கள். ஆள்காட்டி அலகைத் திறந்தது. வயிற்றுக்கு அடியில் முட்டை ஒன்று அசைந்தது. அலகை மூடிக்கொண்டது.

சந்தோக் சிங் எழுந்து நின்று கூப்பிட்டார்.

குதிரைகள் சூழ்ந்துகொண்டன. அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு கூட்டைப் பார்த்தார்.

"யாரையடா கூப்பிட்டாய்?" என்றான் தலைவன்.

"பசித்தவர்களை. நீங்களும் வெகுதூரம் வந்திருப்பீர்கள். உட்காருங்கள்."

ஒரு வீரன் ரொட்டியை நோக்கிக் கை நீட்டினான். தலைவன் முறைத்ததும் கையை மடக்கிக்கொண்டான்.

"உன் குருவை விட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். போகவிடுகிறேன்."

"ரொட்டி ஆறுகிறது" என்றார் சந்தோக் சிங்.

தலைவன் வாளை உருவினான். குதிரைகள் முள்வேலியை ஒட்டி நிலைகொள்ளாமல் கால்மாற்றின. அதைக் கண்டதும் சந்தோக் சிங் தாமாகவே எதிர்ப்பக்கம் நடந்தார். குதிரைகளும் அவர் பின்னால் போயின. இருபது அடி தள்ளி, மணலில் மண்டியிட்டார். அங்கேயே வெட்டினார்கள்.

அவர்கள் போன பிறகு ஆள்காட்டி கத்தியது. பொழுது சாயும்வரை ஆளில்லாத துறையைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் நான்கு குஞ்சுகளும் பொரிந்தன. அவை முதலில் கற்றுக்கொண்டது அந்தச் சத்தத்தைத்தான்.

அன்று முதல்தான், தன் கூடு எங்கே என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்றாலும், தூரத்தில் ஓர் ஆள் தலை தெரிந்தால் போதும், ஆள்காட்டி கத்துகிறது.