பொட்டலத்தின் மறுபாதி

லேத் பட்டறைகள் வரிசையாக இருந்த ஒரு தெருவின் கோடியில் ஒரு படிப்பகம் இருந்தது. அதை நடத்திய கோகிலவாணிக்கு முப்பத்தொரு வயது. அவரிடம் சிஷ்யராகச் சேர்ந்த ஆறுச்சாமிக்கு ஐம்பத்திரண்டு. "உன்ர குரு" என்று அவர் வேலை பார்த்த பட்டறையில் கேலியாகத்தான் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆறுச்சாமி அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் அதற்கு முன் இரண்டு முறை படிக்கத் தொடங்கி நிறுத்தியவர். முதல் முறை நாளுக்கு நாற்பது பக்கம் படித்தார். ஒரு கல்யாணத்துக்குப் போனதில் ஒரு நாள் விட்டுப்போனது. அதன்பின் புத்தகத்தை எடுக்கவே இல்லை. இரண்டாம் முறை காய்ச்சல் வந்து ஒரு நாள் விட்டுப்போனது. அதோடு அதுவும் நின்றது.

மூன்றாம் முறை வந்தபோது அவர் கேட்டார்.

"அம்மிணி, படிக்கற பழக்கம் வந்தா போகாம இருக்கறதுக்கு என்ன பண்ணோணும்?"

கோகிலவாணி ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"இங்கயே உக்காந்து ஒரு பக்கம் படிங்கண்ணா."

படித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனபோது கோகிலவாணி புத்தகத்தை வாங்கி மூடிவிட்டார்.

"அட, இப்பத்தானுங்க சூடு பிடிக்குது!"

"நாளைக்கு வாங்க."

ஒரு மாதம் அப்படியே போயிற்று. பிறகு நாளுக்கு இரண்டு பக்கம். பிறகு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றார். முதல் புத்தகம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. டீக்கடையில் ஆறுச்சாமி கதை சொல்லும்போது பட்டறைக்காரர்கள் காதில் விழாதவர்கள்போல இருப்பார்கள். மறுநாள், "அப்புறம் அவன் என்ன ஆனான்?" என்று அவர்களே கேட்பார்கள்.

ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட விடவில்லை. பயமும் அவரை விடவில்லை.

"ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா அம்மிணி?"

"மறுநாள் வாங்க."

"நமக்கு அப்படி வராதுங்க. விட்டா விட்டதுதான். பீடியைத் தவிர எல்லாத்தையும் விட்டவன் நானு. இதையும் விட்டுட்டா, நாலாவது தடவை உங்க முன்னால வந்து நிக்க மாட்டேன்."

புரட்டாசி முடியும் முன் சரஸ்வதி பூஜை வந்தது. அன்று படிப்பகத்துப் புத்தகங்களை எல்லாம் விளக்குக்கு முன் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். மறுநாள் காலை வரை யாரும் எதையும் படிக்கக் கூடாது. வீடுகளுக்குப் போன புத்தகங்களும் முந்தின நாள் சாயங்காலமே திரும்பி வந்துவிட வேண்டும்.

ஆறுச்சாமி தன்னிடம் இருந்ததைக் கொண்டு வந்தார். ஆனால் கொடுக்கவில்லை.

"இதை மட்டும் வச்சுக்கட்டுங்களா? ரெண்டே பக்கந்தான்."

"சாமிக்கு வைக்கறதுங்கண்ணா."

"நாளைக்கு விட்டுப்போயிருமுங்க."

"ஊருக்கே லீவு. உங்களுக்கும் லீவு."

கொடுத்தார். கொடுத்த பிறகும் கை சிறிது நேரம் நீட்டியபடியே இருந்தது.

மறுநாள் பட்டறையில் லேத்துகளுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பூஜை நடந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். ஆளுக்கொரு பொட்டலம் பொரியும் கடலையும் கொடுத்தார்கள். ஆறுச்சாமி ஓரமாக உட்கார்ந்து தின்றார். பொரி தீர்ந்தது. பொட்டலக் காகிதம் பிரிந்து மடியில் கிடந்தது. ஏதோ ஒரு பழைய வார இதழின் பக்கம்.

போர்மேன் நாச்சிமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனப்பா ஆறுச்சாமி, பொரியத் திங்கறியா, பொட்டலத்தத் திங்கறியா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"பூஜையன்னைக்குப் படிச்சா, இத்தன நாள் படிச்சதெல்லாம் மறந்து போகும். உன்ர குருவம்மாவுக்குத் தெரிஞ்சா படிப்பகத்துப் படி ஏற விடாது, பாத்துக்க."

ஆறுச்சாமி திடுக்கிட்டார். தான் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. காகிதத்தைக் கசக்கினார். சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மெல்லப் பிரித்தார்.

"நாச்சி, உன்ர பொட்டலத்தைக் கொஞ்சம் காட்டு."

சாயங்காலம் கோகிலவாணி விளக்கேற்றி முடித்தபோது ஆறுச்சாமி படிப்பகத்து வாசலில் நின்றிருந்தார். செருப்பைக் கழற்றியிருந்தார். உள்ளே வரவில்லை. சட்டைப் பை புடைத்துப் பொரி உதிர்ந்துகொண்டிருந்தது.

"உள்ள வாங்கண்ணா."

"வரலீங்க. தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

"படிச்சுட்டேன்."

கோகிலவாணி அடுக்கியிருந்த புத்தகங்களைத் திரும்பிப் பார்த்தார். எதுவும் குறையவில்லை.

"எதை?"

"பொரி மடிச்ச காயிதத்தைங்க."

"அது கண்ணுல பட்டிருக்கும். அதனால என்ன?"

"பட்டதோட விட்டிருந்தா இங்க வந்து நிப்பனுங்களா? ஒரு பொம்பளை, பத்து வருசம் கழிச்சு, மழையில நனைஞ்சுட்டு அவ வீட்டுக்கே திரும்பி வர்றா. கதவைத் தட்டறா. உள்ள யாரோ எந்திரிச்சு வர்ற சத்தம். தாழ்ப்பாள் விலகுது..."

"அப்புறம்?"

"அதோட காயிதம் கிழிஞ்சிருக்குதுங்க."

கோகிலவாணி அவருடைய புடைத்த சட்டைப் பையைப் பார்த்தார்.

"பட்டறையில பதினோரு பேர்த்து பொட்டலத்தையும் பிரிச்சுப் பாத்தேன். ஒண்ணுல ராசிபலன். ஒண்ணுல முட்டைக் குழம்பு வைக்கறது எப்படின்னு போட்டிருக்குது. பொரிக்கடைக்கே போனேன். பொரி வாங்காம காயிதத்தைத் தொடப்படாதுன்னுட்டான். ஆறு பொட்டலம் வாங்கிப் பிரிச்சேன்." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "மிச்சம் இங்க இருக்குது."

"மறுபாதி கெடைச்சுதா?"

"இல்லீங்க."

ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏழு மாசமா நீங்க சொன்னதுக்கு மேல ஒரு வரி படிச்சதில்ல. சாமி நாளுன்னு தெரிஞ்சும் இன்னைக்குப் படிச்சேன். தெருத்தெருவாத் தேடிட்டும் போனேன். படிச்சதெல்லாம் மறந்து போயிருங்களா அம்மிணி? பரிகாரம் ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க, பண்ணிப் போடறேன். வர வேண்டாம்னு மட்டும் சொல்லீராதீங்க."

கோகிலவாணி உள்ளே போனார். ஒரு பெரிய தாம்பாளத்தில் பச்சரிசியைக் கொட்டிக் கையால் பரப்பினார். அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"நாளைக்கு விஜயதசமி. எட்டுக் கொழந்தைங்க மொத எழுத்து எழுத வருதுங்க. மடியில வச்சு, விரலைப் பிடிச்சு எழுத வைக்க ஒரு ஆளு வேணும். நேரத்துல குளிச்சுட்டு வந்துருங்க."

ஆறுச்சாமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்களில் லேத் எண்ணெய் கறுத்திருந்தது.

"நானுங்களா? அஞ்சாவதோட நின்னவனுங்க. வருசா வருசம் நீங்கதானுங்களே எழுத வைக்கறது?"

கோகிலவாணி தாம்பாளத்தை அவர் கைகளில் வைத்தார்.

"புத்தகத்தை மூடி வச்சுட்டு இன்னைக்கு ஊரே நிம்மதியா இருந்துச்சுங்கண்ணா. நானும் நிம்மதியாத்தான் இருந்தேன்."