இருவர் வாசித்த சாக்ஸபோன்

ஜெரோமுக்கு வாய் கோணியது மேடையில்தான்.

புனேயில் ராக் கச்சேரி. பாடகர் அவன் பக்கம் கை நீட்டினார். அவன் தனியாக வாசிக்க வேண்டிய இடம் அது. ஜெரோம் ஊதினான். காற்று உதட்டோரமாக வழிந்து போனது, சத்தம் வரவில்லை.

முகவாதம் என்றார் டாக்டர். சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். குழு வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பியது. ஜெரோம் சாக்ஸபோன் பெட்டியோடு தூத்துக்குடிக்கு ரயில் ஏறினான்.

ஐம்பதை நெருங்கும் வயது. அதில் பாதி ஊர் சுற்றியே கழிந்திருந்தது. ஒரு வருஷம் ராக் குழுவோடு கல்லூரி மைதானங்கள். மறுவருஷம் ஜாஸ் குழுவோடு ஜெர்மனி, போலந்து. வேனில் தூங்கி, மேடைக்குப் பின்னால் சட்டை மாற்றி, பேர் தெரியாத ஊர்களில் கைதட்டல் வாங்கிய வாழ்க்கை.

அவனுக்கு சாக்ஸபோன் கற்றுத்தந்த பாக்கியநாதன் மாஸ்டர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார். அவரும் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் வாசித்தவர்தான். மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்கிப்போனதும் விட்டுவிட்டார்.

ஜெரோம் கைக்குட்டையால் வாயை மறைத்தபடி அவர் வீட்டுக்குள் வந்தான். மாஸ்டர் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். பாதி கஞ்சி சட்டையில் சிந்தியது. அவர் ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

"எல்லாம் போச்சு மாஸ்டர். இத்தனை வருஷம் ஊரெல்லாம் அலைஞ்சு என்ன மிச்சம்?"

"பெட்டியத் திற."

"என்னால ஊத முடியாது."

"உன்னை யாரு ஊதச் சொன்னா?"

ஜெரோம் திறந்தான். மாஸ்டர் ரீடை, அந்த மெல்லிய நாணல் பட்டையை, நாக்கில் நனைத்து மவுத்பீஸில் பொருத்தினார். வாரைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"பின்னால வந்து நில்லு. கையை முன்னால கொண்டுவந்து பொத்தான் மேல வை."

"மாஸ்டர், இது..."

"வைடா."

ஜெரோம் அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தது போல நின்று விரல்களை வைத்தான். மாஸ்டர் ஊதினார். முதலில் வாத்து கத்துவது போல ஒரு சத்தம். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜெரோமின் வாய் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

மறுபடி ஊதினார். அவர் முதுகு விரிவது ஜெரோமின் நெஞ்சில் தெரிந்தது. அது விரியும்போது விரலைத் தயாராக வைத்தான், அடங்கும்போது அழுத்தினான். கொஞ்ச நேரத்தில் பாட்டு பிடிபட்டது. மாஸ்டர் அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த மெதுவான பாட்டு. முடியும்வரை இருவரும் நிறுத்தவில்லை.

மாஸ்டர் மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"நடுவுல சுரத்தைச் சுத்தி ஒரு சுழி போட்டியே, அது நான் சொல்லிக்கொடுத்தது இல்லையே?"

ஜெரோம் யோசித்தான். "கொல்கத்தாவுல ஒரு பியானோக்காரர். மழையில கச்சேரி நின்னுபோன அன்னைக்கு, உக்கார வச்சுக் காட்டினார்."

"கடைசியில ஒரு சுரத்தைத் தாமதமா விட்டியே?"

"போலந்துல எங்க டிரம்மர். அவசரப்படாதேன்னு என்னைத் திட்டிக்கிட்டே இருப்பான்." சொல்லும்போதே ஜெரோமுக்குக் குரல் இளகியது. "நல்ல மனுஷன், மாஸ்டர். எனக்குக் குளிரும்னு தன் கோட்டைக் கழட்டிக் கொடுத்தவன். எல்லாருமே நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க."

மாஸ்டர் தலையாட்டினார்.

ஜெரோம் அவர் காலருகே உட்கார்ந்தான். கைக்குட்டை தரையில் கிடந்தது.

"ரொம்ப நன்றி மாஸ்டர்."

மவுத்பீஸைத் துடைத்தபடியே மாஸ்டர் சொன்னார்:

"நான் சொல்ல வேண்டியதை நீ சொல்றே. விரல் மடங்கினதுல இருந்து மூச்சை மட்டும் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்டா. இன்னைக்குத்தான் ஒருத்தன் விரலோட வந்தான்."