யானைக்கொட்டாரத்து வேம்பி வாசித்த ஓலை

முன்னொரு காலத்தில் காரைவள நாட்டைக் கண்டீரவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவு அவருக்கு மாலைவரை நினைவிருக்காது. ஒருநாள் திடீரென்று, "யானை கட்டும் கொட்டாரத்து வேலைக்காரர்களின் பிள்ளைகளும் அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்தான பண்டிதர் திருமேனிநாதருக்கு வயிறு எரிந்தது. ராஜ உத்தரவு, மறுக்க முடியுமா? வந்த ஒன்பது பிள்ளைகளையும் கடைசி வரிசையில் உட்காரவைத்தார். ஓலை மட்டும் கொடுக்கவில்லை. "சாணி அள்ளுகிற கைக்கு எழுத்தாணி எதற்கு?" என்றார். முன்வரிசையில் அவர் மகன் குமரேசன், ராஜாவின் புகழ்பாட்டு நாற்பதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துச் சபாஷ் வாங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு வருஷம் போனது. பண்டிதர் அந்த ஒன்பது பேரையும் சபைக்கு இழுத்துவந்தார்; குமரேசனும் கூடவே வந்தான். "பிரபு, இவர்களுக்கு ஒரு பாட்டுகூட வராது. கொட்டாரத்துக்கே அனுப்பிவிடலாம்."

"அனுப்பிவிடும்!" என்றார் ராஜா, யார் உத்தரவு என்பதையே மறந்து.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி, புல் அறுப்பவள் மகள் வேம்பி. இப்போது வாயை மூடிக்கொண்டால் ஒன்பது பேருக்கும் படிப்பு இன்றோடு சரி. முன்னால் வந்து நின்றாள்.

"மகாராஜா, ஒரே ஒரு பரீட்சை வைங்க. உங்க மனசுல தோணுறதை இப்பவே ஓலையில எழுதுங்க. குமரேசனும் படிக்கட்டும், நானும் படிக்கிறேன். தோத்தா நாங்களே போயிடுறோம்."

பண்டிதர் சிரித்தார். ராஜாவுக்கோ விளையாட்டென்றால் உயிர். கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்.

ராஜா தன் புகழைத் தவிர வேறென்ன எழுதுவார் என்று நினைத்தான் குமரேசன். ஓலையை வாங்கி, "திக்கெட்டும் கொடி பறக்கும் தீரனே!" என்று கணீரென்று தொடங்கினான். அவன் கையில் ஓலை தலைகீழாக இருந்தது. ராஜாவின் புருவம் ஏறியது.

வேம்பி விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். திக்கினாள். பண்டிதர் வேண்டுமென்றே செருமினார். அவள் விடவில்லை. "மத்தியானம்... இலையில் வைத்த பாகற்காயை... ராணி பார்க்காதபோது... மந்திரி இலையில் தள்ளினேன்."

"அப்படியா சங்கதி!" என்று துள்ளினார் மந்திரி. "தின்னத் தின்னத் தீரவில்லையே என்று பார்த்தேன்!" சபை வயிறு குலுங்கச் சிரித்தது.

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்.

"யாருமில்ல, மகாராஜா. கொட்டாரத்துத் தூண்ல ஒவ்வொரு யானை பேரும் எழுதியிருக்கு. பேரு எங்களுக்குத் தெரியும். அதை வச்சு எழுத்தைக் கண்டுபிடிச்சோம். ஒன்பது பேருமே படிப்போம். எங்களை யாரும் படிக்கச் சொல்லிக் கேக்கல, அவ்வளவுதான்."

ராஜாவின் முகம் மாறியது. "வெட்கமாக இருக்கிறது, பண்டிதரே. உம்மை நினைத்தும், என்னை நினைத்தும்." வேம்பியிடம் திரும்பி, "என்ன வேண்டும், கேள் அம்மா" என்றார்.

"எங்களுக்கு ஓலை வேணும்." பிறகு தலைகுனிந்து நின்ற குமரேசனைப் பார்த்தாள். "அவனையும் எங்க வரிசைக்கு அனுப்புங்க. இடம் இருக்கு."

மறுநாள் காலை பண்டிதர் தம் கையாலேயே பத்து ஓலை நறுக்கினார். பத்தாவது அவர் மகனுக்கு.