வாலுக்கும் அதே சாறு

அந்தக் காலத்தில், கால், வால், குடல் என்று உடம்பின் ஒவ்வொரு உறுப்பும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, தவளை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. தலைப்பிரட்டை மட்டும்தான். அப்படியென்றால் முட்டையிட்டது யார் என்று கேட்காதீர்கள். எனக்கும் அதே குழப்பம்தான்.

ஒரு கம்மாயில் குமிழி என்றொரு தலைப்பிரட்டை இருந்தாள். சித்திரை வெயிலில் கம்மாய் வற்றிப்போய், கடைசியில் ஓர் எருமையின் குளம்படியில் தேங்கிய தண்ணீர்தான் அவளுக்கு மிச்சம். கூட இருந்த நண்டு கிளம்பிவிட்டது.

"பத்தடி தள்ளி ஒரு பள்ளக் கிடங்குல தண்ணி கெடக்கு தாயி. கால் இருந்தா வந்து சேரு."

கால் இருந்தால்தானே!

குமிழியின் கழுத்துக்குள் ஒரு சின்னச் சுரப்பி இருந்தது. உடம்புக்கு நாட்டாமை அதுதான். அது பதறிப்போய் இடுப்பைக் கூப்பிட்டது. "ஏய், சட்டுனு ரெண்டு காலை வெளிய விடு!"

"வால் முதல்ல இடத்தைக் காலி பண்ணட்டும்" என்றது இடுப்பு.

"கால் வராம நான் போனா இந்தப் புள்ள எப்படி நகரும்?" என்றது வால்.

நுரையீரல் திறக்கட்டும், பிறகு மூடுகிறேன் என்றது செவுள். செவுள் மூடட்டும், பிறகு திறக்கிறேன் என்றது நுரையீரல். நல்ல கூத்து! இவர்கள் வாதாடி முடிப்பதற்குள் தண்ணீர் விரல்கடை ஆழத்துக்கு இறங்கிவிட்டது.

சுரப்பிக்குக் கோபம் தலைக்கேறியது. "எக்கேடோ கெட்டுப் போங்க!" என்று, தான் சேர்த்து வைத்திருந்த சாற்றையெல்லாம் ரத்தத்தில் ஊற்றிவிட்டது.

"இது யாருக்கு?" என்று கேட்டது ரத்தம்.

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும் ஒரே சாறா? குழம்பிடாதா?"

"குழம்பட்டும், போ!"

குழம்பத்தான் செய்தது. சாறு பட்டதும் இடுப்பு இரண்டு கால்களை உதைத்து வெளியே தள்ளியது. பிறகு தோளில் இரண்டு. நீளமாய்ச் சுருண்டு கிடந்த குடல் குறுகிப்போனது. செவுள் மூடியது, நுரையீரல் திறந்தது. எல்லாம் ஒரே சாறு! ஒன்றை வா என்றும் இன்னொன்றைப் போ என்றும் அது எப்படிச் சொன்னது? யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். சாறு எதையும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவரவர் வேலை அவரவருக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. சாறு தட்டி எழுப்பியது, அவ்வளவுதான்.

குமிழி பாவம், ஒன்றும் விளங்காமல் தவித்தாள். "வாய் பிய்யுது. பாசியைப் பார்த்தா குமட்டுது. பசி உயிர் போகுது, ஆனா திங்க முடியல. நான் செத்துக்கிட்டு இருக்கேனா?"

வாலுக்கு எதுவும் மெதுவாகத்தான் உறைக்கும். கடைசியாக அந்தச் சாறு அதற்கும் உறைத்தது.

"நீ ஒண்ணும் திங்க வேணாம் குமிழி" என்றது வால். "கிடங்கு வரைக்கும் தாங்க நான் போதும். நட."

"நீ சின்னதாகிட்டே வர்றியே! எங்க போற?"

"எங்கயும் போகல. உள்ளதான் வர்றேன்."

குமிழி அழுதுகொண்டே நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் வால் கொஞ்சம் கரைந்தது, அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கிடங்கின் விளிம்பில் நண்டு நின்றது.

"யாரு நீ? இந்தப் பக்கம் பார்த்ததில்லையே!"

சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். தான் யார் என்று அவளுக்கே தெரியவில்லை. வாலைக் கேட்கத் திரும்பினாள். பின்னால் ஒன்றும் இல்லை.

அன்று முதல்தான், கரையேறும் தவளை ஒவ்வொன்றும் சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்து திருதிருவென்று முழிக்கிறது. கூடவே வந்த ஒன்றைக் காணோம் என்பது மட்டும் அதற்குத் தெரிகிறது. வயிறு நிறைந்திருப்பது ஏன் என்று தெரியவில்லை.