உப்புக்குப் பிடித்த குடை

தவசிமுத்து முதன்முதலில் கேட்ட தாலாட்டு ஒரு டீசல் இன்ஜினின் சத்தம்.

உப்பளத்துக் கொட்டகையில், சாக்குத் தொட்டிலில் அவரைப் போட்டுவிட்டு அம்மா உப்பு வாரப் போய்விடுவாள். பக்கத்தில் இன்ஜின் தடதடவென்று ஓடும். பிள்ளை தூங்கும். இன்ஜின் நின்றால் விழித்துக்கொண்டு அழும். அந்த அழுகையைக் கேட்டுத்தான் டீசல் தீர்ந்துவிட்டது என்று அப்பா தெரிந்துகொள்வாராம்.

அறுபது வயதுக்கு மேலும் அந்தச் சத்தம் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே, கரண்டுக் கம்பி எட்டாத ஓர் ஓரத்தில் அவருடைய உப்பளம். தரைக்கடியில் இருக்கும் உவர்நீரை இன்ஜின் இறைத்துப் பாத்திகளை நிரப்பும். மீதி வேலை வெயிலுடையது. காய்ந்து விளைந்ததை ஏழெட்டுப் பெண்கள் வாரிக் குவிப்பார்கள்.

அந்தச் சித்திரையில் டீசல் விலை மறுபடியும் ஏறியது.

அளத்தின் கிழக்கே, உடைமரங்களுக்கு நடுவில் ஒரு சிறிய மடம். அங்கே தனியாக இருந்தவளை எல்லோரும் தாயி என்றார்கள். வெள்ளைச் சேலை. ஒட்ட வெட்டிய முடி. தவசிமுத்துவுக்கு மகள் வயதுதான் இருக்கும். மனைவி இறந்த வருஷம், பேச ஆளில்லாமல் அந்தப் பக்கம் போனவர், அதன்பிறகு அவளுக்குச் சீடராகிவிட்டார். அவர் தாயி என்பார். அவள் அண்ணாச்சி என்பாள்.

"தாயி, இந்த டீசல் ஏன் இப்படி ஏறுது?"

"ஊர்ல என்ன சொல்லுதாங்க?"

"எங்கேயோ சண்டையாம். கப்பல் வார வழிய மறிச்சுட்டானாம்."

"சண்டை நின்னா இறங்குமா?"

"போன சண்டை நின்னுது. விலை இறங்கலையே. கேட்டா வரிங்கான். ரூவாய்க்கு மதிப்பு போச்சுங்கான்."

"சண்டை போடுதவனுக்கு உங்களத் தெரியுமா?"

தவசிமுத்து சிரித்தார். "பக்கத்து அளத்துக்காரனே என்னைய மதிக்க மாட்டான் தாயி."

"உங்க இன்ஜினோட ஹேண்டில் அவன் கையில இருக்கு, அண்ணாச்சி."

அவர் எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். தினமும் காலையில் அந்த ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன கை.

சில நாள் கழித்து மறுபடி போனார். இம்முறை உட்காரவில்லை.

"வெள்ளிக்கிழமை இறால் பண்ணைக்காரர் வாரார். அளத்தை அவருக்கே எழுதிக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

"வேலை பாக்குத பொம்பளைங்க?"

"இறாலுக்கு எதுக்குத் தாயி பொம்பளைங்க? ரெண்டு காவக்காரன் போதும்."

"அவங்ககிட்ட சொல்லிட்டியளா?"

"அவங்கள்ல மூத்தவ பொன்னுத்தங்கம் வாய்க்குப் பயந்துல்லா சொல்லாம இருக்கேன்."

தாயி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"டீசல் எங்கிருந்து வருது?"

"பூமிக்கு அடியில இருந்து."

"வாருனா மறுபடி விளையுமா?"

"அது என்ன உப்பா, விளைய?"

"அப்ப எடுக்க எடுக்கக் குறையும். வேணும்னு கேக்குத ஆளு?"

"கூடிக்கிட்டே போவுது."

தாயி தலையசைத்தாள். டீசல் ஏன் ஏறுது என்று அன்று அவர் கேட்டதற்கு அவரே பதில் சொல்லியிருந்தார். ஆனால் அவருக்கு அது பதிலாகப் படவில்லை. தெரிந்து என்ன செய்ய?

"நாளைக்கு மத்தியானம் அளத்துக்கு வாரேன்" என்றாள் தாயி.

"மத்தியானமா? வெயில் கொன்னு போடுமே!"

"வெயிலப் பாக்கத்தான் வாரேன்."

மறுநாள் அவர் ஒரு பெரிய கறுப்புக் குடையோடு மடத்து வாசலில் நின்று அவளை அழைத்துவந்தார். டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை நிறுத்திவைத்திருந்தார். பாதிப் பாத்திகள் வெடித்துக் கிடந்தன. பெண்கள் கொட்டகை நிழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் பொன்னுத்தங்கம். கல்யாணத்துக்கு முன்பே இந்த அளத்துக்கு வந்தவள்; இப்போது பேத்தி எடுத்துவிட்டாள்.

"வாங்க தாயி" என்றாள். "முதலாளி குடையெல்லாம் பிடிப்பாருன்னு இன்னைக்குத்தான் தெரியுது. நாங்களும் சாமியாராப் போயிருக்கலாம்."

தாயி குடையை வாங்கிக்கொண்டாள். வரப்பில் இறங்கி நடந்தாள். உப்புப் பூத்திருந்த ஒரு பாத்தியின் ஓரத்தில் நின்று, கையை நீட்டிக் குடையைப் பாத்தியின் மேல் பிடித்தாள். அவள் தலையில் வெயில் அடித்தது. உப்பின் மேல் வட்டமாக நிழல் விழுந்தது.

தவசிமுத்து பதறிப் போனார்.

"என்ன தாயி செய்யுதிய?"

"இந்த உப்பு மேல வெயில் படுது. பாவமா இருக்கு."

கொட்டகையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வெயில் படலேன்னா உப்பு விளையாதே தாயி!"

"அப்படியா?"

அவள் குடையை எடுக்கவில்லை. அளத்தின் கோடியைப் பார்த்தாள். அங்கே பனையோலை போட்டு மூடிய இரண்டு குவியல்கள் இருந்தன. ஒன்று உப்பு அம்பாரம். மற்றது சாய்ந்த கூரை மாதிரி இருந்தது.

"அது என்ன?"

"அதுவா…" தவசிமுத்து தொண்டையைச் செருமினார். "சோலார் தகடு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏதோ தொண்டு செய்கிறவர்கள் வந்து நட்டுவிட்டுப் போனது. மோட்டாரும் வைத்து, ஒரு நாள் முழுக்க ஓட்டியும் காட்டினார்கள். அவர்கள் போன மறுநாளே தவசிமுத்து அதன்மேல் ஓலை வேய்ந்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். அளத்தில் விலை உள்ளது எதுவானாலும் ஓலை போட்டு மூடி வைப்பதுதான் பழக்கம். குவித்த உப்புக்கு ஓலை, இன்ஜினுக்கு ஓலை, சோற்றுப் பானைக்கும் ஓலை.

"வெயில்ல கெட்டுப் போவுமேன்னு…"

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டார். அவர் கண் குடையின் பக்கம் போய், சட்டென்று திரும்பியது. பொன்னுத்தங்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உப்புக்காத்து தகட்டத் தின்னுரும் தாயி."

"இன்ஜினத் தின்னலையா?"

"தின்னுச்சு. அப்பா வாங்குனத, பொறவு நான் வாங்குனத. எல்லாத்தையும் தின்னுச்சு."

"பொறவு?"

"சத்தமே இல்ல. சத்தமில்லாம ஒண்ணு ஓடுதுன்னா அத எப்படி நம்புதது?"

"உப்பு விளையும்போது சத்தம் கேக்குமா?"

அவரிடம் கடைசியாக ஒரு காரணம் மிச்சம் இருந்தது. அதைச் சொன்னார்.

"மேகம் போட்டா ஓடாதே?"

"மேகம் போட்டா உப்பு விளையுமா?"

தவசிமுத்து வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அன்னைக்குத் தண்ணி இறைச்சு யாருக்கு ஊத்தப் போறிய, அண்ணாச்சி?"

யாரும் சொல்லாமலே பொன்னுத்தங்கம் எழுந்தாள். கொட்டகையில் செருகியிருந்த அரிவாளை எடுத்துப் போய்க் கயிற்றை அறுத்தாள். மக்கிய ஓலைகள் சரிந்தன. இன்னொருத்தி குடிதண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்து தகட்டின்மேல் ஊற்றித் துடைத்தாள். தவசிமுத்து போய் சுவிட்சைப் போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் கணத்தில் அவருக்குள் ஓர் ஆறுதல் எழுந்தது. தான் மூடி வைத்தது சரிதான் என்ற ஆறுதல். அதற்குள் குழாயின் வாய் ஒருமுறை இருமியது. துருவேறிய தண்ணீர் துப்பியது. பிறகு தெளிந்து, கனமாக, நிற்காமல் விழுந்தது.

இன்ஜின் சத்தம் இல்லாமல் அந்த அளத்தில் தண்ணீர் விழுவதை அவர் நின்று கேட்டதே இல்லை. வெடித்த மண் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு பறவை கத்தியது. காற்று ஓலையைப் புரட்டியது. தொட்டிலில் விழித்த பிள்ளை மாதிரி அவர் முகம் கோணியது.

கொட்டகைக்குத் திரும்பியிருந்த பொன்னுத்தங்கம் வழக்கமான குரலில் பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இளவட்ட மாப்பிள்ளைய மூடி வச்சுட்டு, இருமுத கிழவனோட குடித்தனம் நடத்தியிருக்காரு பாரு."

தவசிமுத்து திரும்பினார்.

"ஏட்டி, அவருக்குக் கேட்டுட்டு போல!" என்றாள் பொன்னுத்தங்கம்.

"எத்தனை வருஷமா இப்படியெல்லாம் பேசுதிய?"

"நாங்க வந்த நாள்ல இருந்து, முதலாளி. உங்களுக்குத்தான் இன்ஜின் ஓடுனா வேற ஒண்ணும் கேக்காதே." பிறகு அவள் குரல் தணிந்தது. "வெள்ளிக்கிழமை ஆளு வாரது எங்களுக்கும் தெரியும்."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். இன்ஜின் பக்கத்துல நின்னு போன்ல கத்துனியளே. பக்கத்து அளம் வரைக்கும் கேட்டுது."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பாத்தி நிரம்பி, தண்ணீர் அடுத்த பாத்திக்கு இறங்கியது. பெண்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் பெண்களைப் பார்த்தார்.

"வந்தா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவோம்" என்றார்.

பொன்னுத்தங்கம் கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். முகத்தை யாருக்கும் காட்டவில்லை.

தாயி மடத்துக்குக் கிளம்பினாள். தவசிமுத்து வரப்பு வரைக்கும் கூட வந்தார். பட்டுத் தெளிந்தவருக்கும் ஒரு பயம் மிச்சம் இருக்கும்போல.

"தாயி, நாளைக்கு இந்த வெயிலுக்கும் எவனாவது விலை போட்டுட்டா?"

தாயி குடையை மடக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"போட்டா, மொத பில்லு உங்களுக்குத்தான் வரும் அண்ணாச்சி. உங்க தாத்தா காலத்துல இருந்து தின்ன வெயிலுக்கு."

தவசிமுத்து குடையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை விரிக்காமல் நின்றார்.

மறு வருஷ மழைக்காலத்தில் அவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். சென்னையிலிருந்து வந்த மகள் அளத்தைப் பொன்னுத்தங்கத்துக்குக் குத்தகைக்கு விட்டாள்.