உடம்பெல்லாம் அலகு

தைப்பூசத்துக்கு மலைக்கோயிலுக்கு நடந்து போகிற கூட்டத்தில் சேர வேண்டும் என்று சடையாண்டி என்ற முள்ளம்பன்றி கிளம்பியது. அதற்குப் பெரிய வேண்டுதல் ஒன்றும் இல்லை. பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். காட்டில் அதன் பக்கத்தில் ஒட்டி உட்கார இதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. பாதயாத்திரையிலோ எல்லாரும் எல்லாரையும் ‘சாமி’ என்று கூப்பிட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே நடப்பார்களாம். விரதம் முடிகிறவரை சிறுத்தைகூட ஆட்டைத் தொடாதாம்.

ஏரிக்கரையில் அந்தக் கூட்டத்தைப் பிடித்தது. முள்ளம்பன்றி இருட்டிய பிறகு வளையை விட்டு வருகிற பிராணி. பகல் வெளிச்சத்தில் அதைப் பார்த்தவர்கள் அங்கே ஒருவரும் இல்லை. நரி அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

“சாமி, நாக்குல ஒரு அலகு குத்தவே நாங்க நாலு வருஷமா யோசிக்கிறோம். நீங்க உடம்பு பூராவும் குத்திக்கிட்டு வந்திருக்கீங்களே!”

நரி விழுந்ததும் கரடி விழுந்தது. கரடி விழுந்ததும் முயல்கள் விழுந்தன. எதற்கு விழுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

சடையாண்டி உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ சூடான சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் நீட்டினார்கள். திறந்த வாய் பொங்கலுக்கு ஆயிற்று.

அன்றிலிருந்து முதல் தொன்னை அதற்குத்தான். காலுக்கு மஞ்சள் தண்ணீர், படுக்க ஆலமரத்து நிழல். நரி தானாகவே காரியஸ்தன் ஆகிவிட்டது. சாமி மௌனத்தில் இருக்கிறார், யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று சொல்லிவைத்தது. வழியில் கும்பிட வந்தவர்கள் வைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பாதி சாமிக்குப் போயிற்று. மீதி எங்கே போயிற்று என்பதை நரியின் தொப்பை சொல்லிற்று.

எல்லாம் கிடைத்தது. வந்த காரியம் மட்டும் நடக்கவில்லை.

பின்னால் கூட்டம் கும்மாளமாக வரும். செம்பாயி என்ற வெள்ளாடு தன் மருமகள் சோற்றைக் குழைய வைத்த கதையெல்லாம் சொல்லும். கரடியின் குறட்டைக்கு முயல்கள் தாளம் போட்டுக் காட்டும். சடையாண்டி மெல்ல நடையைக் குறைத்து அவர்களோடு சேரப் பார்க்கும். அது கிட்டே வந்ததும் பேச்சு நின்றுவிடும். எல்லாரும் வழிவிட்டு, கை கட்டி, கண்ணை மூடிக்கொள்வார்கள். காட்டில் பயந்து விலகினார்கள், இங்கே பக்தியோடு விலகுகிறார்கள். விலகின தூரம் என்னவோ ஒன்றுதான்.

‘நாளைக்குச் சொல்லிவிடலாம்’ என்று தினமும் நினைக்கும். தினமும் பொங்கல் வந்துவிடும்.

இப்படியே மலையடிவாரம் வந்தது. மேளம் முழங்கிற்று. படியேறிச் சன்னதிக்கு முன்னால் போனதும் நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேண்டுதல் நிறைவேறிற்று, சாமிக்கு இனி அலகு பிடுங்கலாம் என்று அறிவித்தது. பிடுங்குகிறவர்களுக்குப் புண்ணியம் என்றதும் ஆளாளுக்கு முட்டிக்கொண்டு வந்தார்கள். வரிசையில் முதல் ஆள் கரடி. அது முதுகில் தடியாக ஒரு முள்ளைப் பார்த்துப் பிடித்து, காலை ஊன்றி, “அரோகரா” என்று ஒரு இழு இழுத்தது.

“ஐயோ விடு! அது குத்தினதில்ல, முளைச்சது!”

மேளம் நின்றது. மௌனச் சாமி பேசியதில் முயல்களுக்கு மூச்சே நின்றது.

“நான் முள்ளம்பன்றி. பிறக்கும்போதே இப்படித்தான். பொங்கல் நல்லா இருந்துச்சு, அதனால சொல்லல” என்றது சடையாண்டி, தலையைக் குனிந்துகொண்டு.

நரிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. ஊரை ஏமாற்றினாயே, கிழங்கைத் தின்றாயே என்று வயிற்றைத் தடவிக்கொண்டே திட்டியது. அடிப்பதற்கும் ஆள் சேர்ந்தது. எதைப் பிடித்து அடிப்பது என்று தெரியாமல் கை ஓங்கினவர்கள் அப்படியே நின்றார்கள். உள்ளே முருகன் சிரிப்பை அடக்கியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

சடையாண்டி யாரையும் பார்க்காமல் தனியாகப் படி இறங்கிற்று. செம்பாயி பின்னாலேயே வந்தது.

“ஏன்ணே நொண்டுறீங்க?”

“உள்ளங்கால்ல நெருஞ்சி முள்ளு. ஏரிக்கரைலயே குத்திருச்சு. உடம்பெல்லாம் குத்தின சாமி இதுக்குப் போய் அழுவாரான்னு சொல்லல.”

செம்பாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படியில் உட்கார்ந்து சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு முயல்கள் வந்தன, கரடியும் வந்தது. “மேல இத்தனை முள்ள வச்சுக்கிட்டு, கீழ ஒரு முள்ளுக்கா இந்தப் பாடு? காலை நீட்டுங்க” என்று செம்பாயி பல்லால் கவ்விப் பிடுங்கிப் போட்டது. சடையாண்டி ஊரே கேட்கும்படி அலறியது. யாரும் கும்பிடவில்லை. தள்ளி உட்காருங்கள், குத்துகிறது என்று ஒரு முயல் மட்டும் சிடுசிடுத்தது.

காலில் விழ ஆள் சேர்ந்தால் கால் வலியை வாய் திறந்து சொல்ல முடியாது; ஆகவே வழித்துணை வேண்டுகிறவர், தான் இன்னார் என்பதை முதல் தொன்னைப் பொங்கலுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.